குரல் டெஸ்ட்டில் பொய் தெரிந்துவிடுமா? ஸ்டோர் கிராணியின் மைத்துனருக்கு ஒரு பதில்

கேட்கப்பட்டது இதுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், ஸ்டோரில் உர மூட்டை கணக்கில் இடிக்கிறது, போலீஸ் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது. ஸ்டோர் கிராணி, அதாவது ஸ்டோர் குமாஸ்தா, கேள்வி கேட்டவருடைய மச்சான். அவர் பாலாய்க்கு, போலீஸ் நிலையத்துக்கு, போய் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது தோட்ட நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு செக்கூரிட்டி ஆலோசகரைக் கூட்டி வருகிறதாம். அவரிடம் லேப்டாப்பில் ஒரு மெஷின், பேசினால் போதும், குரலை வைத்தே பொய்யா உண்மையா என்று சொல்லிவிடுமாம். "மாட்டேன் என்றால் சந்தேகம் வரும், உட்கார்ந்தால் பயத்தில் குரல் நடுங்கும், என்னண்ணே செய்வது? இது நிஜமாகவே வேலை செய்யுமா, போலீஸும் இதை வைத்துக் கேஸ் போட முடியுமா?"

தம்பி, நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய்யைக் கண்டுபிடிக்கிற வேலையை அது செய்யாது. ஆனால் வேறொரு வேலையை நன்றாகவே செய்யும், உங்கள் மச்சான் பார்த்து நடந்துகொள்ள வேண்டியது அதனிடம்தான். நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன், இப்போது ஒரு வக்கீல் ஆபீசில் ஃபைல் பார்க்கிறேன், பயந்த குரலையும் பொய்க் குரலையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஆட்கள் படும் பாட்டை நிறையப் பார்த்தாகிவிட்டது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

இந்த வியாபாரம் 1970 வாக்கில் அமெரிக்காவில் ஆரம்பித்தது. ராணுவத்திலிருந்து வெளியே வந்த சிலர் டெக்டர் என்று ஒரு கம்பெனி வைத்து, பி.எஸ்.இ. என்ற கருவியை விற்றார்கள். டேப்பில் பதிந்த பேச்சை மெதுவாக ஓடவிட்டால் அது காகிதத்தில் கோடு கோடாக வரையும். இதற்கு அறிவியல் என்று கைகாட்டியது ஓலோஃப் லிப்போல்ட் என்ற பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளரின் வேலையை. நம் தசைகளில் விநாடிக்கு 8 முதல் 12 தடவை ஒரு நுண்ணிய நடுக்கம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர் ஆராய்ந்த விஷயம், அது உண்மையும்கூட, கையை நீட்டி விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும். இதை எடுத்துக்கொண்டு வியாபாரிகள் ஒரே தாவாகத் தாவினார்கள்: தொண்டைத் தசையிலும் அந்த நடுக்கம் உண்டு, அது குரலில் ஏறும், பொய் சொல்லும்போது மனஅழுத்தத்தில் தசை இறுகி நடுக்கம் மறைந்துபோகும், ஆக நடுக்கம் மறைந்த இடம் பொய். நடுவில் இருக்கும் எந்தப் படியையும் யாரும் நிரூபிக்கவில்லை. பின்னால் குரல்வளைத் தசைகளிலேயே மின்முனை வைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அந்த நடுக்கம் அங்கே அகப்படவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? உங்கள் மச்சான் "குரல் நடுங்கிவிடுமே" என்று பயப்படுகிறார். அந்தத் தத்துவப்படி பார்த்தால் நடுங்குகிற குரல்தான் யோக்கியமான குரல்! காதுக்குக் கேட்கும் நடுக்கம் வேறு, அவர்கள் சொல்லும் நுண்நடுக்கம் வேறு என்று விற்கிறவர் விளக்கம் சொல்வார், சொல்லட்டும். ஆனால் மெஷின் முன்னால் உட்காருகிற ஆளுக்கும், பல நேரம் அதை ஓட்டுகிற ஆளுக்கும்கூட, எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

1988 வாக்கில் என்.ஐ.டி.வி. என்ற ஒரு அமெரிக்க நிறுவனத்தில் பி.எஸ்.இ.யின் வாரிசாக சி.வி.எஸ்.ஏ. என்ற கம்ப்யூட்டர் மெஷினைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் ஏராளமான போலீஸ் நிலையங்கள் வாங்கின. ஏன் வாங்கின என்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான். பழைய பொய் கண்டுபிடிக்கும் மெஷினான பாலிகிராஃப் என்றால் நெஞ்சில் குழாய் கட்ட வேண்டும், கையில் பிரஷர் பட்டி, விரலில் வியர்வை பார்க்கும் தகடு, ஓட்டுகிறவருக்கு நீண்ட பயிற்சி. இதற்கோ ஒரு மைக்கும் லேப்டாப்பும் போதும், சில நாள் பயிற்சியில் சர்ட்டிபிகேட், பழைய டேப்பையும் போன் பேச்சையும்கூடச் சோதிக்கலாம் என்கிறார்கள். மலிவு, சுலபம். பாலிகிராஃப் மீதே அறிவியல் உலகத்துக்கு நம்பிக்கை குறைவு, ஆனால் அது அளக்கிற மூச்சும் ரத்த அழுத்தமும் வியர்வையும் உண்மையிலேயே உடம்பில் இருப்பவை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கவுன்சில் 2003-ல் பாலிகிராஃபைப் பற்றி எழுதிய பெரிய அறிக்கையில் குரல் மெஷினையும் தொட்டது. பொய் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துவதற்கு அறிவியல் ஆதாரம் கொஞ்சமோ அல்லது இல்லவேயில்லையோ என்கிற மாதிரிதான் அங்கே சொல்லியிருக்கிறது.

டெஸ்ட் எப்படி நடக்கும் என்று மச்சானுக்குச் சொல்லி வையுங்கள், தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும். கேள்விகளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், பதில் ஆம் அல்லது இல்லை மட்டும்தான். "இந்தச் சுவர் வெள்ளையா?" "இன்று செவ்வாய்க்கிழமையா?" என்று ஒன்றுக்கும் உதவாத கேள்விகள் வரும். வேண்டுமென்றே ஒரு பொய்யும் சொல்லச் சொல்வார்கள், "எப்போதாவது வேக வரம்பை மீறி வண்டி ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டு இல்லை என்று சொல்லச் சொல்வது ஒரு வழக்கம். இவற்றுக்கு நடுவில்தான் நிஜக் கேள்வி, "ஸ்டோரிலிருந்து உரத்தை எடுத்தீர்களா?" ஒவ்வொரு பதிலுக்கும் திரையில் ஒரு படம் வரும். மேலே கூராக, ஊசியிலை மரம் மாதிரி குவிந்து வந்தால் அமைதி, மேல்பக்கம் தட்டையாகப் பெட்டி மாதிரி வந்தால் அழுத்தம். அவ்வளவுதான். எவ்வளவு தட்டை என்றால் பொய் என்பதைப் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்க்கிறவரின் கண் தீர்மானிக்கிறது, அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் உங்களைப் பற்றி நிர்வாகம் சொன்னதையெல்லாம் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்தவர்.

அப்புறம் இதில் நம்ம ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து வீட்டில் தமிழே பேசுகிற ஆளை ஒரு ஏர்கோன் அறையில் உட்காரவைத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டால் அவர் குரல் தன்னாலேயே மாறும். கோர்ட்டில் இதைத் தினமும் பார்த்தேன். தமிழில் என்னிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர், அதே விஷயத்தை மாஜிஸ்திரேட்டைப் பார்த்து மலாயில் சொல்லப் போனதும் குரல் உயரும், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழும், கடைசி அசை காணாமல் போகும். அது பொய் இல்லை, வார்த்தை தேடுகிற சிரமம். தமிழிலேயே கேட்டாலும், "இல்ல" என்று வெடுக்கென்று சொல்வதும் "இல்லைங்க சார்" என்று இழுப்பதும் ஒலிவடிவத்தில் இரண்டு வேறு படங்கள். மரியாதைக்காக ஒரு "ங்க" சேர்த்ததால் கோடு மாறியதா, திருடியதால் மாறியதா என்று அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?

ஆலோசகர் கொண்டுவருவது இஸ்ரேலின் நெமிசிஸ்கோ கம்பெனியின் எல்.வி.ஏ. மாதிரி வேறு வகையாகவும் இருக்கலாம். இதில் நுண்நடுக்கம் எல்லாம் கிடையாது, குரலில் இருந்து மனநிலையையே பல அடுக்காகப் பிரித்து, குழப்பம், பதற்றம், உண்மை என்று திரையில் வார்த்தையாகவே காட்டும். ஸ்வீடனில் லசெர்டா, எரிக்சன் என்ற இரண்டு ஒலியியல் பேராசிரியர்கள் அதன் காப்புரிமை ஆவணத்தைப் படித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஒலி அலையில் உள்ள சின்னச் சின்ன முட்களையும் சமதளங்களையும் எண்ணுகிற ஒரு எளிய கணக்கு, அவ்வளவே. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலோ பதிவின் தரத்தை மாற்றினாலோ அந்த எண்ணிக்கையே மாறிவிடும். 2007-ல் ஒரு ஆய்விதழில் இதைப் போலி வைத்தியத்துக்குச் சமம் என்கிற தொனியில் எழுதினார்கள். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, பதிப்பகம் பயந்து கட்டுரையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. நல்ல பொருளை விற்கிறவன் இன்னொரு பரிசோதனையைக் காட்டிப் பதில் சொல்வான், வக்கீலை அனுப்ப மாட்டான் என்பது என் கருத்து.

சரி, பரிசோதித்துப் பார்த்தவர்கள் உண்டா என்றால், உண்டு. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களை வைத்துச் செய்தால் "அவர்களுக்கு நிஜமான பயம் இல்லை, அதனால்தான் மெஷின் பிடிக்கவில்லை" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அதனால் எனக்குப் பிடித்த ஆய்வு ஒக்லஹோமா சிறையில் நடந்ததுதான். அமெரிக்க நீதித்துறையின் பணத்தில் நடந்தது. புதிதாகக் கைதாகி வந்த 319 பேரிடம், சமீபத்தில் போதைப்பொருள் எடுத்தாயா என்று கேட்டார்கள், பதிலை சி.வி.எஸ்.ஏ., எல்.வி.ஏ. இரண்டாலும் சோதித்தார்கள், அப்புறம் சிறுநீரையும் சோதித்தார்கள். சிறுநீர் பொய் சொல்லாது இல்லையா, யார் பொய் சொன்னார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும். முடிவு: பொய் சொன்னவர்களில் சராசரியாக நூற்றுக்கு 15 பேரைத்தான் மெஷின்கள் பிடித்தன. உண்மை சொன்னவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேரைப் பொய்யர் என்று காட்டின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் காசைச் சுண்டிப் போடுவதைவிட மேலில்லை.

இந்தக் கணக்கை உங்கள் தோட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டோரோடு தொடர்புள்ளவர்கள், லோரி டிரைவர், மண்டோர் என்கிற மேற்பார்வையாளர், உரம் போடுகிற கேங், காவலாளி என்று 40 பேரை வரிசையாக உட்காரவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், அதில் ஒருவர்தான் திருடர். அந்த ஒக்லஹோமா விகிதப்படி ஒன்றும் அறியாத மூன்று பேர் சிவப்பில், அதாவது பொய்யர் என்று, வருவார்கள். நிஜத் திருடர் பச்சையில் வெளியே போக நூற்றுக்கு 85 வாய்ப்பு. பிறகு அந்த மூன்று பேரின் பெயர் லைன் வீடுகளில் எப்படிப் பரவும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனிலும் இதே மாதிரி ஒரு பாடு பட்டார்கள். அரசாங்க உதவித்தொகை கேட்டு போன் செய்கிறவர்களின் குரலைச் சோதித்து மோசடியைப் பிடிக்கலாம் என்று 2007-லிருந்து பல நகராட்சிகளில் ஓட்டிப் பார்த்தார்கள், 2010-ல் பயனில்லை என்று கைவிட்டார்கள்.

இப்போது, அது நன்றாகச் செய்யும் வேலைக்கு வருகிறேன். அதே ஒக்லஹோமா ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. அந்தச் சிறையில் முன்பு மெஷின் இல்லாமல் இதே கேள்வியைக் கேட்டபோது, போதைப்பொருள் எடுத்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் பொய் சொல்லியிருந்தார்கள். மெஷினை எதிரே வைத்துக் கேட்டபோது பொய் சொன்னவர்கள் 14 சதவீதம்தான். மெஷின் எதையும் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கும் என்ற பயம் பேசவைத்துவிட்டது. நம் ஊரில் நகை காணாமல் போனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரைக் கூட்டிவருவார்களே, அது மாதிரிதான். மையில் ஒன்றும் தெரியாது, ஆனால் "வெள்ளிக்கிழமை மை போடப் போகிறோம்" என்று சொன்னாலே வியாழக்கிழமை ராத்திரி நகை கிணற்றடியில் கிடக்கும். மெஷினை ஆதரிக்கும் போலீஸ்காரர்கள் சொல்வதும் சுற்றிவளைத்து இதைத்தான்: எப்படியோ உண்மை வெளிவருகிறதே, அப்புறம் என்ன?

உண்மை மட்டும் வெளிவந்தால் பரவாயில்லை. 1998-ல் கலிபோர்னியாவில் எஸ்கொண்டிடோ என்ற ஊரில் ஒரு 12 வயதுப் பெண் பிள்ளை அவள் அறையிலேயே கொலையானாள். போலீஸ் அவளுடைய 14 வயது அண்ணனைச் சந்தேகித்தது. பெற்றோரையும் வக்கீலையும் பக்கத்தில் வைக்காமல் மணிக்கணக்காக விசாரித்து, நடுவில் இந்தக் குரல் மெஷினைக் கொண்டுவந்து, நீ பொய் சொல்கிறாய் என்று மெஷின் காட்டிவிட்டது என்றார்கள். அந்தப் பையன் மெஷினை நம்பினான். தனக்கே நினைவில்லாமல் தான்தான் செய்திருப்போமோ என்று தன் மனதையே சந்தேகிக்கத் தொடங்கி, கடைசியில் போலீஸ் கேட்க விரும்பியதைச் சொன்னான். அந்தப் பக்கம் சுற்றித்திரிந்த வேறொரு ஆளின் சட்டையில் அந்தப் பிள்ளையின் ரத்தம் பிறகு கிடைத்தது, பையன் மீதான வழக்கு விழுந்தது. நீதிமன்றமும் பின்னால் அவன் நிரபராதி என்றே அறிவித்தது. குடும்பம் தொடுத்த வழக்கில் மெஷின் கம்பெனி சமரசம் செய்துகொண்டது, அந்த மெஷினுக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் கிடையாது என்று கம்பெனியே அந்த வழக்கில் ஒப்புக்கொண்டதாகவும் செய்தி வந்தது.

ஆகவே தம்பி, ஆபத்து டெஸ்ட்டில் இல்லை. டெஸ்ட் முடிந்த அடுத்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. ஆலோசகர் லேப்டாப்பை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாருங்க, மூணாவது கேள்வியில் பிரச்சினை வருது. நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், ஆனா யாருக்கோ சாவி கொடுத்திருக்கீங்க, அதையாவது சொல்லிடுங்க, துரைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்பார். உங்கள் மச்சான் மாதிரி நல்ல மனுஷர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். மெஷினையே சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்து, "ஒருவேளை ஒரு தடவை பூட்ட மறந்திருக்கலாம்" என்று ஒன்றைச் சொல்வார்கள், அடுத்த நாள் அது எழுத்தில் வந்து நிற்கும்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். போலீஸில் அவர் கொடுத்தது பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலமாக இருக்கும், ஆட்கள் "செக்ஷன் 112" என்றே சொல்வார்கள். அதன்படி ஐ.ஓ., அதாவது விசாரணை அதிகாரி, கேட்கும், வழக்கு சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய பதிலைச் சொல்ல மறுக்கலாம். எழுதியதை அவர் பேசிய மொழியிலேயே வாசித்துக்காட்ட வேண்டும், திருத்தம் இருந்தால் செய்ய இடம் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து. தமிழில் சொல்லியிருந்தால் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்பது திமிர் இல்லை, சட்டமே சொல்வது. இந்தப் பிரிவில் குரல் மெஷின் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையை வைத்து, மைக்கைக் கடித்துக்கொண்டு உட்காரும் கடமையையும் உண்டாக்க முடியாது.

வழக்கு போட முடியுமா என்று கேட்டீர்கள். 113-ஆம் பிரிவை 2006-ல் திருத்தி, அடுத்த வருடம் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, விசாரணையில் போலீஸிடம் சொன்னதை, சில விலக்குகள் தவிர, கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியாது. வாக்குமூலத்துக்கே அந்தக் கதி என்றால், அந்த வாக்குமூலத்தின் குரல் எப்படி இருந்தது என்று ஒரு லேப்டாப் சொன்னதற்கு என்ன மதிப்பு இருக்கும்? நிபுணர் கருத்து என்று கொண்டுவந்தாலும் சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி அவர் எந்தத் துறையில் நிபுணர் என்று காட்ட வேண்டும், ஒரு நல்ல வக்கீல் அந்த இடத்திலேயே குறுக்குக் கேள்வியில் பிய்த்துவிடுவார். ஆனால் ஒன்று, போலீஸ் காவலில் இருக்கும்போது சொல்லிய தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதே சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அந்தத் தகவல் உள்ளே வரும், அது வேறு கதை.

தோட்ட நிர்வாகம் செய்வதோ போலீஸ் விசாரணையே இல்லை, அதனால் 113 கொடுக்கும் பாதுகாப்பு ஆலோசகரிடம் சொன்னதற்குப் பொருந்தாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அங்கே பேசியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் வேலை நீக்கத்துக்கு முதல் ஆதாரமாக வரும், போலீஸ் ஃபைலுக்கும் போகலாம். மச்சான் மறுக்கலாம், மறுப்பது குற்றமில்லை. ஆனால் வாயால் முறைத்துக்கொண்டு மறுக்க வேண்டாம். "ஸ்டோர் புத்தகம், டெலிவரி ஆர்டர், சாவி ரெஜிஸ்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தயார், விசாரணைக்கு வருகிறேன், குரல் டெஸ்ட்டுக்கு ஒப்புதல் இல்லை" என்று நாலு வரி எழுத்தில் கொடுத்து ஒரு காப்பி வைத்துக்கொள்ளட்டும். உட்கார்ந்துதான் தீருவேன் என்றால், தொழிற்சங்கப் பிரதிநிதி பக்கத்தில் இருக்கட்டும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், ரிசல்ட் சிவப்போ பச்சையோ, அதைக் கேட்டதும் "சரிங்க" என்று எழுந்து வந்துவிட வேண்டும். அந்த அறையில் எந்தக் காகிதத்திலும் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம்.

நடத்தைக் குற்றம் என்று ஒருவரை வேலையை விட்டு நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 14-ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது, அந்தக் காலத்தில் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். மெஷின் சிவப்புக் காட்டியது என்பது விசாரணை ஆகாது. அப்படியும் நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு அலுவலகத்தில், தொழிலியல் உறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின் கீழ் மனு போட வேண்டும். இந்த 60 நாளைத் தவறவிட்டு, "துரை பார்த்துக்கொள்கிறேன் என்றார்" என்று மூன்றாம் மாதம் எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருப்பதில்லை. ஒருவேளை போலீஸ் கைது செய்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவுப்படி சொந்தக்காரருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும், வக்கீலுக்குப் பணமில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, ஒய்.பி.ஜி.கே. என்பார்களே, ரிமாண்ட் நாளிலேயே அதன் வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம்.

அப்புறம் அந்த உரக் கணக்கு. வந்த மூட்டை எத்தனை, எந்த லோரி, யார் இறக்கினார், எந்தப் பிளாக்குக்குப் போனது என்று மச்சானிடம் இருக்கிற புத்தகத்தையெல்லாம் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மண்டோர் கையெழுத்துப் போட்டு வாங்கிய சீட்டுக்கும் ஸ்டோர் புத்தகத்துக்கும் எந்தத் தேதியில் இடிக்கிறது என்று முதலில் பாருங்கள்.